நிழல் மேய்ந்த கிடை

நெட்டூரணியில் சோணைமுத்து வெயிலில் நடந்தால் தரையில் மனுஷ நிழல் விழாது, ஆட்டு நிழல்தான் விழும், அதுவும் ஒன்றிரண்டு இல்லை, ஒரு கிடை ஆடும் அவர் காலடியிலிருந்து புறப்பட்டு, முன்னே மொட்டைக்காதி என்கிற காதில்லாத பெட்டையாடும் பின்னே குட்டிகளுமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு தெருவை அடைத்துப் போகும். பார்க்கிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஆடு வந்தால் ஒதுங்கி நிற்பதுதான் அந்தச் சீமைப் பழக்கம், அதில் தோலும் சதையுமாக வருகிற ஆடு எது, வெறும் நிழலாக வருகிற ஆடு எது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அது வந்த விதம் ஊருக்கே தெரியும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஜெர்மன் சண்டைக்கு முந்தி, சோணைமுத்து ஒரு கீதாரி. கீதாரி என்றால் செம்மறிக் கிடைக்குத் தலைவன். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை மடக்கிக் கிடை போட்டு, விழுகிற புழுக்கைக்கு வயல்காரச் சம்சாரி அளக்கிற நெல்லை வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர் அடுத்த வயல் என்று வருஷம் பூராவும் நடக்கிறவன். கிடை கிடந்த வயல் பார்க்கும்போது மொட்டையாக மொழுக்கென்று இருக்கும், ஆனால் அடுத்த போகத்தில் பயிர் கருகருவென்று கிளம்பி நிற்கும், அதனால் கீதாரி வருகிறான் என்றால் பானையில் இருக்கிற கஞ்சியை வழித்து ஊற்றுவார்கள்.

அந்தக் கீதாரிகளிடம் ஒரு முறை உண்டு. ஆட்டை விற்றால், கை மாறும்போது அதன் முதுகில் ஒரு சிட்டிகை ரோமத்தைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்திக்கொள்ள வேண்டும், வாங்கினவன் அதை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நிற்க வேண்டும், மறைந்ததும் கையைத் திறந்து ஊதி, "போயிட்டு வா ஆத்தா" என்று சொல்ல வேண்டும். ஊதினால்தான் ஆடு முழுசாகப் போகும், ஊதாவிட்டால் உடம்பு அங்கேயும் மிச்சம் இங்கேயுமாகக் கிடந்து அல்லாடும் என்பார்கள்.

மழை பொய்த்து, கண்மாய் வெடித்து, கிடை போடச் சொல்லி எந்தச் சம்சாரியும் கூப்பிடாத ஒரு வருஷத்தில், சோணைமுத்து தன் கிடையை மொத்தமாகத் தோல் மண்டி ராவுத்தருக்கு விற்றார். கிடையை மொத்தமாக விற்ற கீதாரியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆடாக ரோமம் பிடுங்கித் துண்டில் சேர்த்தார், துண்டு நிறைந்தது, ஆடுகள் திருப்பத்தில் மறைந்தன, புழுதியும் அடங்கியது, ஆனால் அவருக்குக் கை திறக்கவில்லை. துண்டை அப்படியே முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டி சேதுராக்கிடம் கொடுத்துத் தலையணையாகத் தைக்கச் சொன்னார்.

"ஊதலையா?" என்று கேட்டாள் சேதுராக்கு.

"ஊதுனா எல்லாம் போயிரும் சேது. நமக்கு மிஞ்சுன ஆஸ்தி இதுதான்."

அவள் தன் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் வெயில் ஏறினதும் அவர் வாசலுக்கு இறங்க, உறவுக்காரி வந்திருப்பதைச் சொல்கிற மாதிரி அவள் உள்ளேயிருந்து சொன்னாள்: "ஏங்க, மொட்டைக்காதி வந்துருக்கா. கூட எல்லாரும் வந்துருக்காக."

அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுக்கத் தொடங்கியதிலிருந்து சோணைமுத்துக்கு ஏறுமுகம்தான். ராவுத்தரிடமே தரகராக நுழைந்து, தோல் தனக்கென்று வாங்கி, சண்டை வந்தபோது பட்டாளத்துக்குக் கம்பளி அனுப்பி, சண்டை ஓய்ந்தபோது பஞ்சு அரைக்கிற மில் வைத்து, மானாமதுரைக்கு ஒரு பஸ்ஸும் ஓட்டினார். முன்னே போகிற ஒன்றைத் திருப்பினால் பின்னே வருவதெல்லாம் தானே திரும்பும் என்பது கிடையில் அவர் கண்டது, சந்தையிலும் அதுவே செல்லுபடியானது, தாலுகா போர்டிலும் செல்லுபடியானது. எல்லாம் தலையணையின் யோகம் என்று அவர் நம்பினார். பூட்டு போட்ட அறையில் அதை வைத்து, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

நிழல் ஆடு வெறுமே நடக்கிறதோடு நிற்கவில்லை, மேய்ந்தது. நிழல் ஆட்டுக்கு நிழல்தான் தீனி. இதை முதலில் கண்டது நாவிதர் வயிரவன். வேப்ப மரத்தடியில் சோணைமுத்துக்கு ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்துக்குத் திரும்பும்போது, மரத்தின் நிழல் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம்தான் மிச்சம் கிடந்தது.

"முதலாளி, உங்க உருப்படிகளைக் கொஞ்சம் அங்கிட்டு மடக்குங்க. வெயில் கண்ணைக் குத்துது, கத்தி தவறிரும்" என்றார் வயிரவன்.

"மடக்கப் பாக்குறேன்யா, எங்க கேக்குதுக."

"அப்ப பாதியோட போங்க. மீதியைப் பொழுது சாஞ்சு வச்சுக்கிருவோம்."

அன்றைக்குப் பாதி முகத்தோடு அவர் கடைவீதி வழியாக நடந்தார், அதற்குப் பிறகு பகலில் அவருக்குச் சவரமே கிடையாது.

ஊர் மெல்ல மெல்ல இதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பெட்டிக்கடைக்காரர் வாசல் கீற்றின் நிழலைக் காப்பாற்ற, "அண்ணாச்சி, எதிர்த்த சாரியில நின்னு சொல்லுங்க, சுருட்டு அங்கயே வரும்" என்றார். கல்யாண வீடுகளில் அவருக்கு மட்டும் பாக்கு வைக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று சொல்லி வைத்தார்கள். தாசில்தார் கச்சேரியில், புல் மேய்ந்தால் வரி உண்டு, நிழல் மேய்ந்தால் உண்டா என்று விசாரணை வந்தது. பார்வையிட வந்த சப் கலெக்டர் துரை சோணைமுத்தோடு பேசிக்கொண்டிருக்கையிலேயே துரையின் தொப்பி நிழலை ஒரு கிடா எட்டிக் கடித்துவிட்டது. துரை மூக்கு மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, இதெல்லாம் உள்ளூர் வழக்கம், சர்க்கார் தலையிடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

வேண்டாமென்றவர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மிளகாய் காய வைக்கிறவர்களும் நெல் அவிக்கிறவர்களும், "அண்ணே, எங்க களத்துப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்க, பனை நிழல் விழுந்து நமத்துப்போகுது" என்று கூப்பிட்டார்கள், அவரும் மில்லுக்குப் போகிற வழியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். கிடைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஐப்பசி மழை பெய்தால் மேய்ந்த நிழலெல்லாம் புல் முளைப்பது போல மறுபடி முளைத்துவிடும், மழை இருந்த வரைக்கும் ஊருக்கும் ஆட்டுக்கும் தகராறில்லை.

இதில் அவருக்கு ஒரு வாய்ப்பும் அகப்பட்டது. போர்டுத் தேர்தலில் ரைஸ்மில் ஆவுடையப்பன்தான் அவருக்கு எதிராளி. அவர் எங்கே பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினாலும் சோணைமுத்து அந்தப் பக்கமாகச் சும்மா வருவார், வந்து ஓரமாக நின்று, "பேசுங்க, பேசுங்க, நான் கேக்கத்தான் வந்தேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் பந்தல் மேலே இருக்கும், அதன் நிழல் கீழே இருக்காது. ஜனம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும்.

"உம்ம ஆட்டைக் கட்டிப் போட்டு வாருமய்யா" என்று ஆவுடையப்பன் மேடையிலிருந்தே கத்துவார்.

"கயிறு குடும், கட்டுறேன்" என்பார் சோணைமுத்து.

இப்படியே போர்டு மெம்பர் ஆகி, அடுத்ததாகப் பிரசிடெண்டு நாற்காலிக்கு நின்றார். அந்த வருஷம்தான் மழை மறுபடி பொய்த்தது. மேய்ந்த நிழல் முளைக்கவில்லை. சாலையோரத்து ஆலமரங்கள் தீர்ந்தன, கோயில் மதில் தீர்ந்தது, சித்திரை பிறக்கும்போது சந்தைப்பேட்டைப் புளியந்தோப்பு ஒன்றுதான் மிச்சம், அதையும் ஆடுகள் ஒரே வாரத்தில் ஒட்ட மேய்ந்தன. மரம் பூராவும் இலை அடர்ந்து நிற்க, அடியில் வறுத்த மணல் மாதிரி வெயில் கிடந்தது. சந்தைக்கு வந்தவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேரம் பேசினார்கள், மோர் விற்கிறவள் சட்டி கொதிக்கிறதென்று வரவில்லை. ஊர் அவரைத் திட்டவில்லை. ஆனால் அவர் வந்தால் பேச்சு நின்றது. அவருக்கும் எரிச்சல்தான். வாழ்க்கையில் பாதியை மரத்தடியில் கழித்த மனுஷன், மத்தியானத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. எந்த மரத்தடிக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அவர் ஆடுகள் போய்விடும்.

ஓட்டுப் போடுகிற நாளும் வந்தது. வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை சுற்றி, சாவடிக்குக் கிளம்பினவர் வாசலில் நின்றுவிட்டார். முற்றத்தில் சேதுராக்கு வத்தல் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் நிழல் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது, அதுவும் ஓரமெல்லாம் பிய்ந்து எலி கடித்த துணி மாதிரி. பக்கத்தில் மொட்டைக்காதியின் நிழல் நின்று அசை போட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்தது.

"சேது, உன் நிழல் எங்க?"

"இருக்கிறது இம்புட்டுத்தான். கொஞ்ச நாளா முந்தியைக் கடிச்சுக்கிட்டே நிக்கிறா. வெரட்டுனா முழிக்கிறா. பாவம், பசி."

"எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"எந்த நேரத்துல சொல்ல? நீங்க ஓட்டு ஓட்டுன்னு ஓடுறீக. ஆட்டுக்கு வயிறு ஒட்டிக்கெடக்கிறது கீதாரி கண்ணுக்கே தெரியல, பொண்டாட்டி நிழல் தெரியவா போகுது."

அவர் அரைஞாண் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஊதிரணும்கிறியா" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல. தைச்சுக் குடுத்தவ நான்தானே."

"ஊதிட்டா மில்லு போயிரும், பஸ்ஸு போயிரும், இன்னைக்கு ஓட்டும் போயிரும் சேது. பொழுது சாயட்டும். ஓட்டு முடிஞ்சதும் ஊதுறேன்."

"சரி" என்று அவள் எழுந்தாள். எழுந்தவளுக்குக் கிறுகிறுவென்று வந்தது, கையை நீட்டித் தூணைப் பிடித்தாள், பிடி நழுவி அப்படியே சரிந்து வத்தல் மேல் உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. அவள் நிழல் இப்போது ஒரு முறத்தளவு கிடந்தது. மொட்டைக்காதி ஒரு எட்டு முன்னால் வைத்துத் தலையைத் தாழ்த்தியது.

சோணைமுத்து ஓடிப்போய் அவளைத் தூக்கி, வெயில் எட்டாத உள்ளறையில் படுக்க வைத்து, அரைஞாணிலிருந்து சாவியை இழுத்தார். கயிறு அறுந்து வந்தது.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சி வெயிலில் கடைவீதி வழியே அவர் போக, எலும்பும் வெயிலுமாய் அந்தக் கிடை அவரைச் சூழ்ந்து போனது. சாவடி வாசலில் அவருக்காகக் காத்திருந்தவர்கள், "அய்யா, இங்கிட்டு, இங்கிட்டு" என்று கை காட்டினார்கள். பெஞ்சியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன், "என்னய்யா, தலையணையோட வர்றீரு, சாவடியிலயே படுக்கையா?" என்றார். சோணைமுத்து நிற்காமல் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தார். அவர் ஆட்கள், தலைவர் எங்கேயோ போகிறார் என்று ஓட்டையும் போடாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து, கண்மாய்க்கரை வெயிலைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்கள்.

அதே திருப்பம். அதே இடம். சேதுராக்கின் இரட்டைத் தையல் விரலுக்குப் பிரியாமல் பல்லால் கடித்துப் பிரித்தார். உள்ளே ரோமம் அன்றைக்குப் பிடுங்கின மாதிரியே செம்பட்டையாக, வேர்வை வாடையும் புல் வாடையுமாக இருந்தது. காற்று துளியும் இல்லை. ஒவ்வொரு சிட்டிகையாக எடுத்து உள்ளங்கையில் வைத்து, வாயாலேயே ஊதினார். செவலை, போயிட்டு வா ஆத்தா. பொட்டுக்காரி, போயிட்டு வா. ரெட்டைக்குட்டிக்காரி, போயிட்டு வா, குட்டிகளையும் கூட்டிட்டுப் போ. நொண்டிச்சி, மெல்லப் போ, மேடு இருக்கு. ஊத ஊத ஒவ்வொரு நிழலும் மற்றவைகளை விட்டுப் பிரிந்து கரையேறி அந்தப் பக்கம் இறங்கியது, இறங்கும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. தொண்டை வறண்டது. எச்சிலை விழுங்கி விழுங்கி ஊதினார். பாதிக்கு மேல் போனபோது கண்மாய்க்குள்ளிருந்து ஒரு காற்று கிளம்பி, அவருக்கு ஒத்தாசையாக மீதி ரோமத்தை அள்ளிக்கொண்டது.

மொட்டைக்காதி மட்டும் போகவில்லை. உறையைத் தட்டிப் பார்த்தார், உள்தையலில் ஒரு கொத்து சிக்கி இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்தவருக்கு ஊத மனம் வரவில்லை. அவள்தான் முன்னால் போகிறவள். அவர் வாய் திறந்து கூப்பிடும் முன்னே திரும்பி நிற்கிறவள்.

"உன்னை வித்தது பஞ்சத்துல" என்றார் அவளிடம். "போக விடாம மறிச்சது என் ஆசையில. வயித்துக்குப் பத்தாத மேய்ச்சல்ல உன்னைப் போட்டு அலைக்கழிச்சுட்டேன். தண்ணி இருக்கிற பக்கமாப் போ ஆத்தா. போயிட்டு வா."

ஊதினார். காது இல்லாத அந்தத் தலை ஒரு தரம் அவர் காலை முட்டுவது போலத் தாழ்ந்தது. பிறகு கரையேறிப் போய்விட்டது.

சோணைமுத்து குனிந்து பார்த்தார். தரையில் ஒரு ஆள் நின்றான். தலைப்பாகையும் தொந்தியுமாக, உச்சி வெயிலுக்குக் குள்ளமாக. யாரோ அந்நியன் போல இருந்தது, கையை அசைத்தார், அவனும் அசைத்தான். "அட, நீயா" என்றார்.

திரும்பி வரும்போது அவருக்கு ஒரே பயம்தான், சேதுராக்கு. அவளோ தெரு முனை வரைக்கும் வந்து நின்றிருந்தாள்.

"ஏன் எந்திரிச்சு வந்த? வெயில்ல நில்லு, பாப்போம்."

நின்றாள். முந்தி, கொண்டை, மூக்குத்தி மேடு வரைக்கும் எல்லாம் முழுசாக விழுந்தது, பழைய நிழலைவிட ஒரு சாண் கூடவே இருந்தது.

"என்னைவிட உசரமால்ல இருக்கா" என்றாள் அவள்.

அவர் சொன்னார்: "கிடை கிடந்த இடம்ல. அப்படித்தான் கிளம்பும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. சந்தைப்பேட்டைப் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமும் மேய்ந்த ஆடு சும்மாவா மேய்ந்திருக்கும், மேய்ந்த இடத்திலெல்லாம் புழுக்கையும் போட்டுத்தானே இருக்கும். புளியந்தோப்பில் அடிமரங்களைச் சுற்றி நிழல் கருகருவென்று கிளம்பிக்கொண்டிருந்தது. தூர் கட்டி, படர்ந்து, ஒரு மர நிழல் அடுத்த மர நிழலோடு பின்னி, தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வழிந்து, இறுகக் குளிர்ந்து கிடந்தது. ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது. தேர்தல் அதிகாரியே மேஜையையும் பெட்டியையும் தூக்கிவரச் சொல்லி, சாவடியைத் தோப்புக்கு மாற்றினார். மோர் விற்கிறவள் சட்டியோடு வந்து சேர்ந்தாள்.

வேப்ப மரத்து வயிரவன் அங்கே பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "உக்காருங்க முதலாளி. மறு கன்னம் ரொம்ப நாளாப் பாக்கி."

"நிழல்லயா?"

"நிழல்லதான்."

உட்கார்ந்தார். வயிரவன் தண்ணீர் தொட்டுத் தடவியதுமே அவருக்குக் கண் சொருகிவிட்டது. கத்தி பட்டதோ முகம் துடைத்ததோ எதுவும் தெரியாமல், வெறும் தலையணை உறையை மடித்துத் தலைக்கு வைத்து, மரத்தடியில் கையைக் காலை நீட்டிப் படுத்துவிட்டார். ஓட்டு முடிந்ததும் தெரியாது, எண்ணினதும் தெரியாது. கொட்டுச் சத்தமும் கழுத்து நிறைய மாலையுமாக ஆவுடையப்பன் வந்து முன்னால் நின்றார்.

"சோணைமுத்து, நான் ஜெயிச்சுட்டேன்யா."

"மெல்லப் பேசுங்கண்ணே, தூங்குறாரு" என்றாள் சேதுராக்கு.

"அவருக்குத் தெரிய வேணாமா?"

"முழிச்சதும் சொல்றேன். மில்லு ஓடுதான்னு முதல்ல கேப்பாரு, அது பாட்டுக்கு ஓடுதுன்னு சொல்லணும். அப்புறம் உங்களைச் சொல்றேன்."

ஆவுடையப்பன் மாலையோடு வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். கொட்டுக்காரர்கள் அதற்குள் நிழலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவரும் செருப்பைக் கழற்றினார்.

"உக்காருங்க, இடம் கிடக்கு" என்று அவள் நகர்ந்து கொடுத்தாள்.

பொழுது மேற்கே இறங்க இறங்க நிழல் கிழக்கே நகர்ந்தது. தூங்குகிற சோணைமுத்தின் காலில் வெயில் சுட்டதும், அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு புரண்டு புரண்டு நிழலுக்குள் போனார். அவர் போனதைப் பார்த்துச் சேதுராக்கு பாயை இழுத்துக்கொண்டாள், வயிரவன் பெட்டியை நகர்த்தினார், மோர்க்காரி சட்டியைத் தள்ளி வைத்தாள், பெட்டிக்கடைக்காரரும் கொட்டுக்காரர்களும் புதுப் பிரசிடெண்டும் எழுந்திருக்காமலே உட்கார்ந்தபடிக்கு நகர்ந்தார்கள். இருட்டுகிற வரைக்கும் அந்த ஊர், யாரும் ஓட்டாமலே, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தபடி, நிழலைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.